பரதேசி ஆலயத்தின் பின்வரிசை

கொச்சியைப் பற்றிக் கதை வந்தால் "மத நல்லிணக்கத்துக்கு உதாரணம்" என்ற வசனமும் கூடவே வந்துவிடும். பயண வீடியோக்களைப் பார்த்தால் அது சரிதான் என்று எங்களுக்கும் படும். மட்டாஞ்சேரியில் ராஜாவின் மாளிகையோடு சேர்ந்த பகவதி கோயில். அதற்குப் பக்கத்திலேயே 1568இல் கட்டிய யூத ஜெப ஆலயம். அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே செப்புக் கூரையால் பெயர் பெற்ற செம்பிட்டப் பள்ளிவாசல், சமணர்களின் தர்மநாதர் கோயில், கோவாவை விட்டு வந்த கொங்கணிகளின் திருமலைக் கோயில். ஃபோர்ட் கொச்சிப் பக்கம் போனால் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1524இல் செத்த வாஸ்கோடகாமாவை முதலில் அங்கேதான் புதைத்தார்கள். போர்த்துக்கேயர் கட்டியதை ஒல்லாந்தர் எடுத்து, பிறகு ஆங்கிலேயர் எடுத்து, இப்போது தென்னிந்தியத் திருச்சபையின் கையில் இருக்கிறது.

இதில் பொய் ஒன்றுமில்லை. யூதர்களுக்குத் தன் மாளிகைக்குப் பக்கத்திலேயே நிலம் கொடுத்தவர் கொச்சி ராஜா. 1662இல் போர்த்துக்கேயர் அந்த ஆலயத்தைச் சேதப்படுத்தினார்கள். அவர்களை ஒல்லாந்தர் விரட்டிய பிறகு அது திரும்ப எழுந்தது. இவ்வளவையும் மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று. கட்டடங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, சரி. கதவுக்கு உள்ளே யார் எங்கே இருந்தார்கள்?

அந்த யூத ஆலயத்தின் பெயர் பரதேசி ஆலயம். தமிழில் நாங்கள் ஏசப் பாவிக்கிற சொல்தான், ஆனால் அங்கே வெளிநாட்டார் என்று பொருள். ஸ்பெயின் போன்ற இடங்களிலிருந்து வந்தவர்களின் வழிவந்த 'வெள்ளை' யூதர்களுடையது அது. கேரளத்தில் அவர்களுக்கு மிக முந்தியே வாழ்ந்த மலபார் யூதர்களோடு அவர்கள் கலியாணம் செய்வதில்லை. விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளை ஆலயத்துக்குள் விட்டார்கள், ஆனால் பின்னுக்குத்தான் இருக்க வேண்டும். சபை முன்னால் தோரா வாசிக்கவும் உரிமை இல்லை. ஒரே கடவுள், ஒரே மறைநூல், ஒரே கூரை. ஆனால் வரிசை மட்டும் வேறு.

இதை எதிர்த்தவர் ஆப்ரகாம் பராக் சேலம். அப்படி ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் 1882இல் பிறந்து வக்கீலானவர். காந்தியின் சத்தியாக்கிரகத்தைத் தன்னுடைய ஆலயத்துக்குள்ளேயே கொண்டுபோனார். உரிமைகள் ஒரே நாளில் வரவில்லை, வருசக்கணக்காகப் போராடி ஒவ்வொன்றாக வந்தன. 'யூதக் காந்தி' என்று அவரைச் சொல்வார்கள். ஆனால் நல்லிணக்க வீடியோக்களில் அவரைக் காண்பது அரிது. ஆலயத்தின் நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகளைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள்.

இது யூதர்களின் குறை மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். கொச்சிக்குத் தெற்கே இருக்கிற வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கவே ஒடுக்கப்பட்ட சாதியினர் 1924இல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டி வந்தது. பெரியார் அங்கேதான் சிறை போனார். அதற்கு 44 வருசத்துக்குப் பிறகு, 1968இல், எங்கட மாவிட்டபுரத்திலும் கோயில் கதவுக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள். அதைப் பற்றி எங்கட வீடுகளில் எத்தனை பேர் கதைக்கிறோம்?

மற்ற மதத்தோடு சமாதானமாக இருப்பது ஒருவகையில் லேசு. அவர்கள் வீதிக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள், திருவிழாவுக்கு வாழ்த்துச் சொன்னால் போதும். உள்ளே, எங்களுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளைச் சமமாக நடத்துவதுதான் கஷ்டம்.

1948க்குப் பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களை விரல்விட்டு எண்ணலாம். முழுமையான சபை வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது அங்கத்தைய மரபு. அந்தப் பத்துப் பேரை உள்ளூரில் சேர்க்க முடியாது. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இப்போது ஆள் இல்லை, டிக்கெட் எடுத்து வருகிறவர்கள்தான் இருக்கிறார்கள்.

ஒரு பழைய கோயிலுக்கோ பள்ளிக்கோ தேவாலயத்துக்கோ போனால், எந்த ஆண்டு கட்டியது என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். யாரை எதுவரைக்கும் உள்ளே விட்டார்கள் என்றும் கேட்போம். கொச்சிக்குப் போகக் காசில்லையென்றால் பரவாயில்லை, எங்கட ஊர்க் கோயிலிலேயே தொடங்கலாம்.