படம் சொல்வதும் சொல்லாததும்

ஐப்பசி மழை இறங்கியதும் மரக்காணத்தில் உப்பளங்கள் ஓய்கின்றன. அளத்து வேலை அற்றவர்கள் விறகு வெட்டவும், புல் அறுக்கவும், புதர் களையவும் செல்கின்றனர். தறிக்குழியில் ஈரம் ஏறினால் நெசவாளரும் அவ்வழியே செல்ல நேரிடுகிறது. உண்ணிக் காய்ச்சல் மிகுதியாகத் தலைகாட்டுவதும் மழையை ஒட்டிய இம்மாதங்களிலேதான்.

சென்ற கார்த்திகையில் அங்கத்தினர் ஒருவர் மருத்துவச் செலவுக்கெனக் கடன் மனு கொடுத்தார். மனுவுடன் மார்பு எக்ஸ்ரே படமும் இருந்தது. "படம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் ஏழு நாளாகக் காய்ச்சல் விடவில்லை" என்றார். படம் எடுத்ததனால் நோய் ஆராயப்பட்டுவிட்டது என்று அவர் நம்பியிருந்தார். நம் அங்கத்தினர் பலருடைய நம்பிக்கையும் இதுவே. இது உயிருக்கு ஊறு செய்யக்கூடிய நம்பிக்கை என்பது நமது கருத்து.

ஸ்கிரப் டைபஸ் என்று டாக்டர்கள் கூறும் இந்நோயைப் பரப்புவது மாட்டின் மீது காணும் உண்ணியன்று. புதரிலும் புல்லிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுயிரின் இளம்பருவமே மனிதனைக் கடிக்கிறது. கடித்துப் பெரும்பாலும் 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல், கடுந்தலைவலி, உடல்வலி ஆகியன தோன்றும். கடித்த இடத்தில், சுருட்டு நெருப்புச் சுட்டதுபோல் வலியற்ற கரும்பொருக்கு ஒன்று ஏற்படலாம். அக்குளிலும் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் அது மறைந்திருக்கும். எல்லோருக்கும் அது தோன்றுவதில்லை.

இனி எக்ஸ்ரே படத்துக்கு வருவோம். நோய் நுரையீரலைத் தாக்கியிருப்பின் படத்தில் நிழல் தெரியும். நீர் கோத்திருப்பினும் தெரியும். ஆயினும் நிமோனியாவிலும் காசத்திலும் இத்தகைய நிழல்கள் உண்டு. தொடக்க நாட்களிலோ படம் முற்றும் தெளிவாகவே இருக்கக்கூடும். ஆகவே படம் நுரையீரலின் நிலையைக் கூறுமேயன்றி, காய்ச்சலின் காரணத்தைக் கூறாது. நிழலைக் கண்டு சாதாரண நிமோனியா என்று முடிவுகட்டிப் பென்சிலின் வகை மருந்து மட்டும் கொடுத்தால் இக்கிருமி அடங்காது. டாக்சிசைக்ளினும் அஸித்ரோமைசினுமே இதற்குரிய மருந்துகள்.

சங்கக் கணக்கைத் தணிக்கை செய்யும் நாம் ஒன்றை நாள்தோறும் காண்கிறோம். பேரேடு சரியாக இருப்பதனால் கிடங்கில் நூல் சரியாக இருக்கிறது என்று கையொப்பமிட முடியாது. கிடங்கைத் திறந்து இருப்பை எண்ணியே ஆகவேண்டும். அதுபோல் காய்ச்சற்காரரின் உடலைத் தலை முதல் கால் வரை பார்த்தல் வேண்டும். அதற்குக் காசு செலவில்லை. இரத்தப் பரிசோதனையும் உண்டு. ஆனால் முதற்சில நாட்களில் அது நோயைக் காட்டாமற் போகலாம். ஐயம் வலுத்தபின் முடிவுக்குக் காத்திராமல் டாக்டர் மருந்தைத் தொடங்குவது இதனாலேயே.

படமே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்தியாவின் 7 மருத்துவ நிலையங்களில், கடுமையான உண்ணிக் காய்ச்சல் கண்ட 794 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அவர்களுள் நூற்றுக்கு 62 பேருக்குச் சுவாச உறுப்புகள் பாதிக்கப்பட்டிருந்தன. மேற்கூறிய இரு மருந்துகளையும் ஒருசேர நரம்பு வழியே செலுத்துவது, ஒன்றை மட்டும் செலுத்துவதைவிட மேலான பயன் தந்தது என்பது அவ்வாய்வின் முடிவு. எனவே மூச்சுத் திணறல் கண்டவருக்குப் படம் இன்றியமையாதது. நோய் எவ்வளவு முற்றியது என்பதை அது காட்டும்.

சங்க நிர்வாகிகளுக்கு நாம் கூறுவது இதுதான். ஐப்பசி முதல் தை வரை மாதக் கூட்டந்தோறும் இச்செய்தியை உரக்கப் படியுங்கள். புதர் வேலைக்குச் செல்வோர் கைகால்களை மூடி உடுத்தவும், திரும்பியதும் குளித்து உடை மாற்றவும் சொல்லுங்கள். மருத்துவக் கடன் மனு வந்தால் பணத்தோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொடுங்கள்: "புதரில் வேலை செய்ததை டாக்டரிடம் சொன்னீரா?"

முன் கூறிய அங்கத்தினரின் இடுப்பில், வேட்டி மடிப்பின் கீழ், அப்பொருக்கு இருந்தது. வீட்டார் கண்டு டாக்டரிடம் காட்டினர். உரிய மருந்து கொடுத்த இரண்டாம் நாள் காய்ச்சல் தணிந்தது. முதல் நாளே பார்த்திருந்தால் கடனும் குறைந்திருக்கும், கலக்கமும் குறைந்திருக்கும்.