மின்மாற்றி எரிவது விபத்தல்ல

2024 மே 30 அன்று நாட்டின் மின்தேவை 250 கிகாவாட் என்ற புதிய உச்சத்தைத் தொட்டது. அதை ஈடுகட்டியதை ஒன்றிய அரசு தனது சாதனையாகப் பறைசாற்றிக் கொண்டது. அதே கோடையில் உத்தரப்பிரதேசம், ராஜஸ்தான் உள்ளிட்ட மாநிலங்களில் மின்மாற்றிகள் எரிந்தன. இரவெல்லாம் மின்சாரமின்றித் தவித்த மக்கள் துணைமின் நிலையங்களுக்குத் திரண்டனர். அங்கே அவர்களின் கோபத்தை நேருக்கு நேர் எதிர்கொண்டவர்கள் அமைச்சர்களோ நிர்வாக இயக்குநர்களோ அல்லர். சொற்பக் கூலிக்கு உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

வெயில்தான் காரணம் என்று நிர்வாகங்கள் கூறுவது பாதி உண்மை மட்டுமே. மின்மாற்றியின் ஆயுள் என்பது அதன் சுருள்களைச் சுற்றியுள்ள காகிதத்தின் ஆயுளே ஆகும். சுருளின் மிகச் சூடான பகுதியில் வெப்பம் 6 டிகிரி கூடினால் அந்தக் காகிதம் நலிவுறும் வேகம் இரட்டிப்பாகும் என்பது சர்வதேசத் தரநிர்ணயம் ஏற்றுக்கொண்ட கணக்கு. எனவே, தாங்கும் அளவை மீறி மின்பளு ஏற்றப்பட்ட மின்மாற்றி பெரும்பாலும் ஒரே நாளில் எரிந்துவிடுவதில்லை. மாதக்கணக்கில் அது உள்ளுக்குள் கருகிக்கொண்டே இருக்கிறது.

இதை முன்கூட்டியே கண்டறிய வழிகள் உண்டு. மின்மாற்றி காற்றை உள்ளிழுக்கும் குடுவையில் இருக்கும் சிலிக்கா ஜெல், ஈரம் ஏறியதும் நீல நிறத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும். அதை அறிய எந்தக் கருவியும் வேண்டியதில்லை, நின்று பார்க்க ஒருவர் இருந்தால் போதும். எண்ணெயின் மாதிரியை எடுத்து, 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்த இரு மின்முனைகளுக்கு நடுவே எத்தனை கிலோவோல்ட் வரை அது தாங்குகிறது என்று சோதித்தால், உள்ளே ஈரமும் மாசும் சேர்ந்திருப்பது புலப்படும். மெக்கர் கருவி காப்பின் நிலையைக் காட்டும். துணைமின் நிலையங்களிலுள்ள பெரிய மின்மாற்றிகளின் எண்ணெயில் கரைந்துள்ள வாயுக்களை ஆய்ந்து, அசிட்டிலீன் தென்பட்டால் உள்ளே மின்பொறி பாய்கிறது என்று வெடிப்பதற்கு முன்பே சொல்லிவிடலாம். கிராமத்து வயலோரத்தில் நிற்கும் 25 அல்லது 63 கேவிஏ மின்மாற்றிக்குத் தேவைப்படுபவை இன்னும் எளியவை. எண்ணெய் மட்டம் குறையாதிருக்க வேண்டும், மூன்று ஃபேஸ்களிலும் பளு சமமாக இருக்க வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும், உரிய அளவிலான ஃபியூஸ் கம்பி போடப்பட வேண்டும்.

அந்தக் கம்பி கிடங்கில் இருப்பு இல்லாதபோது, கிடைத்த தடித்த கம்பியைக் கட்டிவிட்டு வருகிறார் ஒப்பந்த லைன்மேன். ஊருக்கு விளக்கு எரிகிறது. ஆனால் காக்க வேண்டிய ஃபியூஸ் உருகாததால், அடுத்த பழுதில் மின்மாற்றியே எரிந்துபோகிறது. விசாரணை வந்தால் பழி அவர் மீது விழும். கம்பி வாங்காதவர்களையும், காலிப் பணியிடங்களை ஆண்டுக்கணக்கில் நிரப்பாதவர்களையும் எந்த விசாரணையும் அழைப்பதில்லை. மின்மாற்றி மாற்றப்படும்வரை பம்புசெட் நின்று, பயிர் காயும் விவசாயியின் இழப்பும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

உயிர்களின் கணக்கு இதைவிடக் கொடியது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் 12 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறந்தனர். 2023 ஜூலை 19 அன்று உத்தராகண்டின் சமோலியில், தனியார் ஒப்பந்தத்தில் நடந்துவந்த கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் இரும்புக் கட்டமைப்பில் மின்சாரம் பாய்ந்து 16 பேர் மாண்டனர்.

பணமில்லை என்று சொல்ல முடியாது. மின்விநியோகத்தைச் சீரமைப்பதாகக் கூறி 2021இல் ஒன்றிய அரசு அறிவித்த திட்டத்தின் மதிப்பு 3 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். நாடெங்கும் 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்துவது அதன் முதன்மை இலக்கு. மின்மாற்றிகளுக்கும் மீட்டர் உண்டு. அது கூடுதல் பளுவைக் காட்டும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்துப் பளுவைப் பிரித்துக் கொடுக்கவும், எண்ணெயை வடிகட்டவும் கம்பத்தடிக்குப் போகும் மனிதர் எங்கே? நுகர்வோரிடம் முன்பணம் வசூலிப்பதில் காட்டும் அவசரம் இதில் இல்லை.

இதற்கு ஆட்சியாளர்கள் கூறும் ஒரே மருந்து தனியார்மயம். உத்தரப்பிரதேசத்தில் பூர்வாஞ்சல், தட்சிணாஞ்சல் விநியோக நிறுவனங்களின் கீழுள்ள 42 மாவட்டங்களைத் தனியாரிடம் ஒப்படைக்கும் முடிவு 2024 நவம்பரில் வெளியானது. சண்டிகரில் 2025 பிப்ரவரியில் ஒப்படைத்தே விட்டனர். இந்த மருந்தை முதலில் உட்கொண்ட மாநிலம் ஒடிசா. 1999இல் அங்கு விநியோகம் தனியாருக்குப் போனது. அதே ஆண்டு சூப்பர் புயல் தாக்கியது. மத்திய மண்டலத்தை ஏற்றிருந்த அமெரிக்க ஏஇஎஸ் நிறுவனம் 2001இல் கைகழுவி வெளியேறியது. மற்ற மூன்று மண்டலங்களின் உரிமங்களை 2015இல் ஒழுங்குமுறை ஆணையமே ரத்து செய்தது. பராமரிப்பு என்பது உடனடி லாபம் தராத செலவு. லாபக் கணக்கில் முதலில் வெட்டப்படுவது அதுவே.

உத்தரப்பிரதேச மின் ஊழியர்கள் இதை உணர்ந்தே போராடுகின்றனர். 2023 மார்ச் மாத வேலைநிறுத்தத்தின்போது எஸ்மா சட்டத்தை ஏவி, ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பணிநீக்கம் செய்தது யோகி அரசு. மின்மாற்றிகளைப் பார்த்துப் பராமரிக்க வேண்டியவர்களையே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கோடையின் மீது குற்றம் சாட்டுகிறார்கள்.

அடுத்த கோடைக்குள் காலிப் பணியிடங்களை நிரப்பி, ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்க வேண்டும். ஒவ்வொரு மின்மாற்றியும் கடைசியாக எந்த நாளில் சோதிக்கப்பட்டது என்ற விவரத்தை அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்ட வேண்டும். இதற்கு ஸ்மார்ட் மீட்டர் தேவையில்லை. ஒரு தாளும், சோதனை செய்த ஊழியரின் கையெழுத்தும் போதும்.