மரமேறி

நம்முடைய பாஷையில் ஒரு தொழிலுக்குப் பெயராக இருக்க வேண்டிய சொற்கள் பல, வசவாகப் போய்விட்டன. அவற்றுள் ஒன்று 'மரமேறி'. மரத்தில் ஏறுகிறவன் மரமேறி. இலக்கணப்படி இதில் யாதொரு குற்றமும் இல்லை. ஆனால், எனக்கு நினைவு தெரிந்த நாளாக ஊரில் எவரும் எவரையும் பார்த்து மரியாதைக்காக அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. சண்டையில் சொல்வார்கள், சம்பந்தம் பேச வந்தவனை வாசலோடு அனுப்புவதற்குச் சொல்வார்கள். அப்படிச் சொல்லுகிற அதே வாய்தான் மறுநாள் காலையில், "தேங்காய் பறிக்க ஓர் ஆள் அகப்படவில்லையே, நாடே சோம்பேறியாகிவிட்டதே!" என்று அங்கலாய்க்கிறது.

அந்த வாயோடுதான் எனக்கு இன்று வழக்கு.

சென்ற மாதம் ஒரு வாசகர் எனக்கு எழுதியிருந்தார். ஓய்வு பெற்ற அதிகாரி. மகன் வணிகவியல் பட்டதாரி. மூன்று தடவை வங்கித் தேர்வு எழுதியவன். அந்தப் பையன் இப்போது தென்னை மரம் ஏறுகிற பயிற்சிக்குப் போகிறானாம். அதைக் கற்றுக்கொண்டு, பின்னர் மற்ற மரங்களிலும் கயிறு கட்டி ஏறப் பழகி, நகரத்திலே மரங்களைக் கவனித்துச் செப்பனிடுவதையே தொழிலாக வைத்துக்கொள்ளப் போகிறானாம். "உங்கள் கதைகளை அவன் விரும்பிப் படிக்கிறவன். நீங்கள் இரண்டு வார்த்தை புத்தி சொன்னால் கேட்பான். குடும்ப கௌரவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?" என்று முடித்து, கையெழுத்தும் போட்டுவிட்டு, அதன் கீழே பின்குறிப்பாக ஒரு வரி சேர்த்திருந்தார்: "கீழே விழுந்து கை கால் போனால் யார் பார்ப்பது?"

கடிதத்தைப் படித்ததும் என் கண்ணில் முதலில் பட்டது இந்த வரிசைதான். கௌரவம் கடிதத்தின் நடுவே வந்துவிட்டது; மகனுடைய முதுகெலும்பு பின்குறிப்புக்குப் போய்விட்டது! அவர் மனத்தில் பாசம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நம் மத்தியதர வர்க்கத்துத் தகப்பனார்கள் பாசத்தையே கௌரவத்தின் பாஷையில்தான் பேசப் பழகியிருக்கிறார்கள். ஆனால் இந்த இரண்டில் எனக்கு மதிப்புள்ள கேள்வி பின்குறிப்புதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பையன் என்னதான் கற்கப்போகிறான் என்று முதலில் பார்க்க வேண்டாமா? கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பெயரில் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. ஆறு நாள் பயிற்சி. கற்றுக்கொண்டு போகிறவனுக்கு ஏறுகிற கருவி ஒன்றும், விபத்துக் காப்பீடும் கொடுத்து அனுப்பினார்கள். கேரளத்தில் பெண்களும் நிறையக் கற்றுக்கொண்டு, அதனால் பிழைக்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு தோப்பில் இப்படிப்பட்ட பயிற்சி ஒன்றை நான் நேரில் இருந்து பார்த்திருக்கிறேன்.

முதல் நாள் யாரும் ஏறவில்லை. கருவியைக் கழற்றினார்கள், மாட்டினார்கள், மறுபடி கழற்றினார்கள். கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் ஒருவர் கண்டுபிடித்த கருவி அது. வலது காலுக்கு ஒரு சட்டம், இடது காலுக்கு ஒரு சட்டம். ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றி ஒரு கம்பிக்கயிறு. நாம் மிதித்து நிற்கிற பாரத்திலேயே கயிறு மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பாரத்தை எடுத்தால் தளர்ந்து கொடுக்கும். ஆகவே ஒரு காலை ஊன்றி, மற்றக் காலையும் அந்தப் பக்கத்துக் கைப்பிடியையும் சேர்த்துத் தூக்கி, மேலே வைத்து மிதித்து, பிறகு இந்தக் காலைத் தூக்க வேண்டும். சொல்லுவதற்கு எவ்வளவு சுலபம்! நானும் ஏறினேன். நான்கடி. தரையிலிருந்து நான்கடி உயரத்தில், நாற்பது வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய என் தொடைகள் இரண்டும் தையல் மெஷின் மாதிரி ஆடத் தொடங்கின. கற்றுக்கொடுக்கிறவர் சிரிக்கவில்லை. "சார், மரத்தைக் கட்டிப் பிடிக்காதீங்க, மரம் ஓடிப்போகாது" என்றார்.

மூன்றாம் நாளுக்குள் பையன்கள் பாதி மரம் ஏறிவிட்டார்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டமாயிருந்தது. காலை எங்கே வைக்கிறோம் என்று பார்க்கக் குனிந்தால் பூமி தெரிகிறது. அதிலும் பெரிய கண்டம், மரத்தின் உச்சியில் மட்டைகளுக்கிடையே கையை நுழைக்கிற இடம். காய்ந்த மட்டை பார்ப்பதற்கு உத்தரம் மாதிரி இருக்கும். பிடித்தால் கையோடு வந்துவிடும். குலையின் காம்பையும் நம்பக்கூடாது. பச்சை மட்டையைத்தான், அதுவும் அடியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் குளவி வரும், கட்டெறும்பு வரும். கையை உதறக் கூடாது. இதையெல்லாம் ஒரு பையனுக்குச் சொல்லிக் கொடுத்து, அவன் பயத்தை அவனே அளந்து பார்க்கும்படி ஒவ்வோர் அடியாக மேலே அனுப்புகிற அந்த ஆசானுக்கு எந்தக் கலாசாலையும் பட்டம் கொடுக்கவில்லை.

"ஏறுவதற்கு ஒரு படிப்பா?" என்று கேட்கிறவர்கள், ஏறினபின் அங்கே என்ன வேலை என்பதை யோசித்ததில்லை. நன்றாக இருக்கிற ஒரு தென்னை வருஷத்துக்குச் சுமார் பன்னிரண்டு மட்டை விடுகிறது. ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை. பச்சை மட்டையை வெட்டுகிறவன் மரத்தின் சாப்பாட்டில் கை வைக்கிறான். அதன்மேல் சாய்ந்திருக்கிற குலையின் ஆதாரத்தையும் பறிக்கிறான். எது இளநீர், எது முற்றல், எது இன்னும் ஒரு மாசம் இருக்க வேண்டியது என்பதைத் தட்டிப் பார்த்து, கண்ணால் பார்த்து, அங்கேயே தீர்மானிக்க வேண்டும். குருத்து விரியும்போது கத்தரியால் வெட்டினது போல முக்கோணமாக ஓலை அறுந்திருந்தால் காண்டாமிருக வண்டு வந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். கம்பிக் கொக்கியை விட்டு அதை வெளியே இழுக்க வேண்டும். சிவப்புக் கூன்வண்டு உள்ளே இருந்தாலோ, பெரும்பாலும் மரம் சாய்கிற வரையில் கீழே நிற்கிற சொந்தக்காரருக்குத் தெரியாது. மரத்தின் தலையை முகத்துக்கு நேரே பார்க்கிறவன் ஒருவன்தான் உலகத்தில் உண்டு. அவனைத்தான் நாம் கூலி பேசி, காய் எண்ணி, புழக்கடை வழியாக அனுப்புகிறோம்.

ஏறத் தெரியாதவன் ஏறுவதற்காகச் செய்கிற ஒரு காரியமும் உண்டு: தென்னையில் அரிவாளால் படி வெட்டுவது. வேம்பையோ புங்கையோ வெட்டினால், பட்டைக்கு அடியில் புதிய திசு வளர்ந்து, நாளடைவில் காயத்தின் மேல் வந்து மூடும். தென்னைக்கு அந்த வசதி கிடையாது. ஒரு தடவை வெட்டின படி, மரம் இருக்கிறவரை திறந்த புண். கூன்வண்டு முட்டையிடுவதற்கு நாமே கட்டிக்கொடுத்த வீடு அது.

கிளைவிடுகிற மரங்களின் கதை இன்னும் சோகம். அமெரிக்க வனத்துறையில் அலெக்ஸ் ஷைகோ என்று ஒரு விஞ்ஞானி இருந்தார், 2006-இல் காலமானார். ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்து உள்ளே பார்த்து அவர் சொன்ன விஷயம் இது: மரத்தின் காயம் மனிதனுடையதைப் போல ஆறுவதில்லை, மரம் அந்த இடத்தைச் சுற்றி உள்ளுக்குள்ளேயே சுவர் எழுப்பி அடைத்துவிட்டு மேலே வளர்ந்துகொண்டு போகிறது. கிளை தண்டோடு சேருகிற இடத்தில் மோதிரம் போல ஒரு புடைப்பு இருக்கிறதே, அதைத் தொடாமல் அதற்கு வெளியே அறுத்தால் அந்தச் சுவர் எழும்பும். தண்டோடு ஒட்ட வழித்தால் அழுகல் உள்ளே போகும். இரண்டு விரற்கடை வித்தியாசம். அதற்குள் ஒரு மரத்தின் ஆயுசு இருக்கிறது. என் தெருவில் ஐப்பசி மழைக்கு முன்னால், ஓர் இலாகாவைச் சேர்ந்த ஆட்கள் வந்து, கம்பியில் படுகிறதென்று தூங்குமூஞ்சி மரத்தை ஒரு பக்கமாக மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். ஒரு கை வெட்டப்பட்ட மனிதனைப் போல அது மறுபக்கம் சாய்ந்து நிற்கிறது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தபோது, "இயற்கையின் சீற்றம்" என்று எல்லாரும் எழுதினோம். விழுந்தவற்றில் எத்தனை, புயலுக்கு வெகு முன்பே அரிவாளால் விழத் தயாராக்கப்பட்டவை என்று எவரும் எழுதவில்லை.

மேல்நாட்டில் இது ஒரு கல்வி. அமெரிக்காவில் ஜான் டேவி என்ற மனிதர், வாலிபத்தில்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர், 1901-இல் மர வைத்தியத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1909-இல் அவருடைய ஸ்தாபனம் மரச் சிகிச்சைக்கென்றே ஒரு பள்ளிக்கூடத்தை ஆரம்பித்தது. மரம் ஏறுவதில் 1976-இலிருந்து சர்வதேசப் போட்டி நடக்கிறது, கோப்பை கொடுக்கிறார்கள்! வெள்ளைக்காரன் செய்கிறான் என்றால்தான் நம்மவர்களுக்கு உறைக்கும் என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவிலே மகன் இந்த வேலையைப் பார்க்கிறான் என்று ஆங்கிலப் பெயரோடு ஒரு கடிதம் வந்திருந்தால், என் வாசகர் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி, எதிர்க் கட்சிக்காரர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். பனையேற்றம் அழிகிறதே, பாரம்பரியம் போகிறதே என்று மேடையில் கண்ணீர் விடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களும் என்னை ஏமாற்ற முடியாது. முருக்குத்தடி, தளைநார், பாளை அரிவாள், சுண்ணாம்புக் கலயம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி உருகுவார்கள். ஆனால், தை மாசத்திலிருந்து ஆடி வரையில் விடியுமுன் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, நாளைக்கு நாற்பது மரம் ஏறி இறங்கினவனுடைய மார்பில் காய்த்திருந்த தோலை இவர்கள் தொட்டுப் பார்த்ததில்லை. திருவிதாங்கூரில் மரம் ஏறுகிற ஏணிக்கும், காலில் மாட்டுகிற தளைக்கும்கூட ஒரு காலத்தில் வரி போட்டார்கள். அப்படிப்பட்ட பிழைப்பிலிருந்து, பள்ளிக்கூடத்து வழியாக இறங்கித் தப்பித்துப் போன பிள்ளைகளுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடத் தயாராயில்லை. நன்றாகப் போனார்கள்! அவர்களைத் திரும்ப ஏறச் சொல்ல எவனுக்கும் உரிமை கிடையாது.

அதனால்தான் இந்த வங்கித் தேர்வுப் பையன் எனக்கு முக்கியமாகப் படுகிறான். அவனுடைய தாத்தா ஏறவில்லை. அவனை ஏறச் சொல்லி ஊர் கட்டளையிடவில்லை. ஏறத் தேவையில்லாத ஒருவன், ஏற விரும்பி, காசு கொடுத்துக் கற்றுக்கொண்டு, இதற்கு இன்ன கூலி என்று நிமிர்ந்து நின்று கேட்கப் போகிறான். அந்த வசவுச் சொல்லின் பல்லைப் பிடுங்குவதற்கு ஆயிரம் சொற்பொழிவுகள் செய்யாத காரியத்தை இது செய்யும். "உங்கள் மகனை ஏற்றுவீரா?" என்று என்னைக் கேட்பார்கள். என் மகள் ஏறுகிறேன் என்று வந்தால், கருவியைப் பிடித்துக்கொண்டு அடிமரத்தில் நிற்பேன். எனக்கு ஆகாதது அவள் ஏறுவது அல்ல. காப்பீடு இல்லாமல் ஏறுவது.

பின்குறிப்புக்கு வந்துவிட்டேன். விழுந்தால் யார் பார்ப்பது? எங்கள் ஊரில் தேங்காய் பறிக்கிற ஒருவர் விழுந்தார். மழை பெய்து பாசி பிடித்த மரம். "கல்யாண வீட்டுக்குக் காய் வேண்டும், இன்றைக்கே ஏறு" என்று சொன்ன வீட்டுக்காரர் நல்லவர்தான். ஆட்டோவுக்குக் காசு கொடுத்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் அந்த மனிதர் பன்னிரண்டு வருஷம் திண்ணையில் கிடந்தார். அவர் எவருக்கும் உத்தியோகஸ்தர் அல்ல. ஆகையால் எவரும் அவருக்கு முதலாளி அல்ல. ஊரில் அவர் ஏறாத தென்னை இல்லை. அந்தப் பன்னிரண்டு வருஷமும் அவர் வீட்டுக்கு வந்த நஷ்டஈடு என்று பார்த்தால், எங்கள் பெரியம்மா கொடுத்தனுப்பிய அரிசிதான்.

ஆகவே அந்தத் தகப்பனாருக்கு என் பதில்: ஐயா, பையனைத் தடுக்காதீர்கள், கேள்வி கேளுங்கள். காப்பீட்டுச் சந்தா கட்டியிருக்கிறாயா? அதில் பெரும்பகுதியை அந்த வாரியமே ஏற்கிற திட்டம் ஒன்று இருக்கிறது, விசாரித்தாயா? நகரத்து மரங்களில் ரம்பத்தைக் கையில் எடுக்குமுன் ஒரு கயிறு போதாது, இரண்டு கட்ட வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தார்களா? ஈர மரத்தில் ஏறச் சொல்லி எவ்வளவு பெரிய மனிதர் வற்புறுத்தினாலும் மாட்டேன் என்று சொல்ல உனக்கு நாக்கு இருக்கிறதா? ஓர் ஆறு மாசமாவது கைதேர்ந்த ஒருவருக்குக் கீழே வேலை பார்க்கச் சம்மதமா? இவற்றுக்கெல்லாம் அவன் ஆம் என்றால், பிறகு உங்கள் வீட்டுத் தென்னையிலேயே அவன் முதல் கூலியைக் கொடுங்கள். தெருவே பார்க்கட்டும்.

எவ்வளவு கொடுப்பது என்று கேட்பீர்கள். போன வாரம் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மரத்துக்கு 50 ரூபாய் என்று பேசி, ஆறு மரம் ஏறி இறங்கினபின், ஒரு மரத்தில் நாலே காய்தான் இருந்தது என்று சொல்லி 20 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த மனிதர் ஒன்றும் பேசவில்லை. கருவியை மடக்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் உள்ளே போகும்போது என்னைப் பார்த்து, "இப்போதெல்லாம் இவர்களுக்கு ரொம்பத்தான் கிராக்கி ஆகிவிட்டது, சார்" என்றார்.