பூசைக்கல்ல, வாசிப்பதற்கு

பழம்பெரும் இசைக்கருவிகளை வாசித்துத் தேய்க்கக் கூடாது, கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காக்க வேண்டும் என்றொரு குரல் இசை அன்பர்களிடையே அவ்வப்போது எழுகிறது. பொறுப்பான பேச்சாகத்தான் தோன்றும். நாம் அதை ஏற்பதற்கில்லை.

வாஷிங்டனின் காங்கிரஸ் நூலகத்தை எடுத்துக்கொள்வோம். 1930களின் நடுவில் கெர்ட்ரூட் கிளார்க் விட்டால் என்ற பெண்மணி, ஸ்ட்ராடிவாரி செய்த மூன்று வயலின்கள், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகியவற்றை அதற்குக் கொடையளித்தார். கருவிகளோடு நில்லாமல், அவற்றில் கச்சேரிகள் நடக்க ஓர் அறக்கட்டளையையும் நிறுவினார். கருவிகள் நூலகத்தைவிட்டு வெளியேறலாகாது என்பதால் கலைஞர்கள் அவற்றைத் தேடி வந்தார்கள். 1940 முதல் 1962 வரை புடாபெஸ்ட் நால்வர் குழுவும், அதன்பின் ஜூலியார்ட் நால்வர் குழுவும் பருவந்தோறும் அங்கே வாசித்தன. பொருளோடு அதைப் பயன்படுத்தும் கடமையையும் சேர்த்தே கொடுத்த கொடை அது.

ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ள 1716ஆம் ஆண்டின் 'மெசையா' வயலின் புதுமெருகு குலையாதிருக்கிறது. அது அதிகம் வாசிக்கப்படாததே காரணம். கருவி செய்வோருக்கு அது நல்ல மாதிரி என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த விதிவிலக்கை எல்லாக் கருவிகளுக்கும் விதியாக்குவானேன்?

மூல வடிவைக் காக்கிறோம் என்போர் ஒன்றை மறக்கிறார்கள். ஸ்ட்ராடிவாரி வயலின்களில் ஏறத்தாழ அனைத்துக்கும் பிற்காலத்தில் கழுத்து மாற்றப்பட்டது. குடல்நரம்புகள் இருந்த இடத்தில் உலோகமும் செயற்கை இழையும் ஏறின. 'மெசையா'வுக்கே 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் வியோம் புதுப் பிரடைகள் பொருத்தினார். பெரிய அரங்குகளுக்கேற்ப மாறியதால்தான் இக்கருவிகள் இன்றும் ஒலிக்கின்றன. தேய்மானம் உண்மையே. அதற்கு மருந்து அளவான கச்சேரிகளும் தேர்ந்த பராமரிப்புமேயன்றிப் பூட்டு அன்று.

பழமையே நாதம் என்று கண்மூடிக் கும்பிடுவோரோடும் நமக்கு வழக்குண்டு. கிளாடியா ஃபிரிட்ஸ் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 21 வயலின் கலைஞர்கள் எது எதுவெனத் தெரியாமல் மூன்று பழைய வயலின்களையும் மூன்று புதியவற்றையும் வாசித்தனர். மிகுதியாக விரும்பப்பட்டது புதியது ஒன்று. கடைசியில் நின்றது ஒரு ஸ்ட்ராடிவாரி.

அப்படியானால் பழையதை வாசிப்பானேன் என்று கேட்கலாம். அதற்காகவேதான் வாசிக்க வேண்டும் என்கிறோம். பூட்டிய வயலினைப் பற்றி எந்தப் புராணமும் சொல்லலாம், மறுக்க ஆளிராது. மேடையேறும் வயலினோ ஒவ்வொரு மாலையும் நம் செவிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தச் சோதனைக்கு அஞ்சுவோர் காக்க நினைப்பது கருவியையா, அதன் விலையையா?