கல்லுக்கு ஊர் சொன்னவர்

பாலாற்றங்கரையை ஒட்டிய எங்கள் ஓரிக்கையில் ஒரு புடைவையைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அதன் நிறத்தையும் ஜரிகையையும் விசாரிப்பதற்கு முன்னதாகவே அது எந்த ஊர்த் தறியில் இறங்கியதென்று விசாரிப்பார்கள். 2005-ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும், வேற்றூர் விசைத்தறிச் சேலை காஞ்சிப் பெயரைச் சூடிக்கொண்டு கடையேறுவது நின்றபாடில்லை. ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்பதை எந்திரம் சொல்லிவிடும். ஊரைச் சொல்வதற்கோ, உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வையைத் தடவிப் பார்த்தே அறிகிற கை வேண்டும். இதைப்போலவே, விஞ்ஞான உலகத்தில் நிகழ்ந்த பெரிய மோசடி ஒன்றும் முற்றிலும் ஊர்ப்பெயரைப் பற்றியதாகவே இருந்தது.

சண்டிகரில் உள்ள பஞ்சாப் சர்வகலாசாலையில் பூகர்ப்ப சாஸ்திரப் பேராசிரியராக இருந்த விஷ்வ ஜித் குப்தா, ஏறத்தாழ 25 ஆண்டுக் காலத்தில், இமயமலையின் புதைபடிவங்களைப் பற்றித் தனியாகவும் கூட்டாகவும் 300-க்கு மேற்பட்ட கட்டுரைகளைப் பிரசுரித்தார். ஆதியில் கடலடியாகக் கிடந்த பூமி மடிந்து எழுந்ததே இமயமாதலால், அங்கே எந்த அடுக்கு எந்தக் காலத்தது என்று நிர்ணயிப்பதற்கு அதில் புதைந்த ஜீவராசிகளின் எச்சங்களே பிரமாணம். அந்த எச்சம் எங்கே கிடைத்தது என்பதற்கோ, எடுத்தவரின் வாய்மொழியைத் தவிர வேறு சாட்சியம் பெரும்பாலும் இல்லை.

ஆஸ்திரேலியாவின் மக்குவாரி சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜான் டேலன்ட் என்ற அறிஞர், இந்த வாய்மொழியைத்தான் சந்தேகித்தார். சுண்ணாம்புக் கல்லை அமிலத்தில் கரைத்து, எஞ்சிய மண்டியை நுண்ணோக்கியின் கீழ் பொறுமையாகத் துழாவி எடுக்கப்படும் கோனோடான்ட் என்னும் கடுகினும் சிறிய பல்லுருவங்கள், குப்தாவின் கட்டுரைகளில் இமயத்தவையாகக் காட்சியளித்தன. ஆனால் அவையோ நியூயார்க் மாநிலத்தில் ஆம்ஸ்டெல் ஓடை என்ற இடத்தில் கிடைக்கும் பிரசித்தமான தொகுதியை அச்சாக ஒத்திருந்தன. இமயத்தில் கண்டெடுத்ததாகக் கூறிய அம்மோனாய்டு என்னும் சுருள் ஓட்டுப் புதைபடிவங்கள், மொராக்கோ நாட்டிலிருந்து சந்தைக்கு வந்து யார் வேண்டுமானாலும் விலைக்கு வாங்கக்கூடியவற்றின் சாயலில் இருந்தன. 1987-இல் கனடாவின் கால்கரி நகரில் கூடிய மாநாட்டில் இதை எடுத்துரைத்த டேலன்ட், 1989 ஏப்ரலில் ‘நேச்சர்’ பத்திரிகையில் பகிரங்கமாகவே எழுதிவிட்டார்.

குப்தா அதே பத்திரிகையில் மறுப்பு எழுதினார். ஆனால் அவரோடு கூட்டாக எழுதிய பிரெஞ்சு அறிஞர் பிலிப் ஜான்வியே நம்பிக்கை தகர்ந்ததாகத் தெரிவித்தார். குப்தாவின் துறையிலேயே பணியாற்றிய அருண் தீப் அலுவாலியாவும் டேலன்ட் பக்கமே நின்றார். கூட்டு ஆசிரியர்களுள் பெரும்பாலோர் குற்றமற்றவர்கள், தமக்கு அனுப்பப்பட்ட கல்லை நேர்மையாக வர்ணித்துக் கொடுத்ததற்கு அப்பால் ஒன்றும் அறியாதவர்கள் என்பதே எனக்கு மிகுந்த வேதனையளிக்கும் அம்சம். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரின் விசாரணை குப்தாவைக் குற்றவாளியென்றே கண்டது. ஆயினும் அவர் 2002-இல் ஓய்வு பெறும் வரையில் பேராசிரியராகவே நீடித்தார். விஞ்ஞானம் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் என்று பெருமிதத்தோடு சொல்கிறோமே, இங்கே திருத்தியவர்கள் ஊர்ப்பகையைத் தலைமேல் போட்டுக்கொள்ளத் துணிந்த இரண்டொரு மனிதர்கள். ஸ்தாபனமோ கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தது.

பின்னாளில், 2018-இல், பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வு நேர்மைக்கென விதிகள் வெளியிட்டது. பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரையுள்ள ஒப்புமைக்குத் தண்டனையில்லை, அதற்கு மேற்பட்டால் படிப்படியான தண்டனை என்பது அவற்றின் சாரம். பிறர் வாக்கியத்தைத் திருடியவனைக் கணினி பிடித்துக் கொடுக்கும்; நல்லதே. ஆனால் மொராக்கோவின் கல்லுக்கு இமயத்துக் கிராமம் ஒன்றைச் சூட்டி ஒருவர் சொந்த நடையில் எழுதுகிற வாக்கியம், வேறெவரும் எழுதியிராத காரணத்தாலேயே, அந்தக் கணினியிடம் முழு மதிப்பெண் பெற்றுவிடும். அதைச் சோதிக்க யாராவது அந்தக் கிராமத்துக்கு ஏறிப்போய்ப் பாறையைத் தட்டிப் பார்க்க வேண்டும். அப்படிப் போய், ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரும்பி வருகிறவருக்கு எந்தச் சர்வகலாசாலையும் பதவி உயர்வு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.