சுரங்க நிலையத்தில் மெல்லப் பேச முடியுமா?

அண்மையில் ஓர் இணையத்தொடரில், தில்லி ராஜீவ் சௌக் மெட்ரோ நிலையத்தில் நடப்பதாக ஒரு காட்சி வந்தது. பெயர்ப்பலகை, தரை ஓடுகள், மஞ்சள் வழித்தடக் குறி எல்லாம் கச்சிதம். ரயில் நுழைகிறது. காதலர் இருவரோ, வரவேற்பறையில் அமர்ந்திருப்பவர்களைப் போல முணுமுணுக்கிறார்கள். எனக்கு அங்கேயே நம்பிக்கை போய்விட்டது.

அரங்கம் அமைப்பதில் எனக்குக் குறையில்லை. லண்டனில் 1994-இல் மூடப்பட்ட ஆல்ட்விச், நியூயார்க்கில் கைவிடப்பட்ட கோர்ட் ஸ்ட்ரீட் போன்ற நிலையங்கள் திரைப்படக்காரர்களுக்குக் கிடைத்த கொடை. தில்லிக்கு அந்த வசதி இல்லை. இங்கே முதல் சுரங்கப் பாதை, விஸ்வவித்யாலயா முதல் காஷ்மீரி கேட் வரை, 2004 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. ஓய்வுபெற்ற நிலையத்துக்கு எங்கே போவது? கட்டணம் செலுத்தி, ஓடும் மெட்ரோவில் கிடைக்கும் நேரத்துக்குள் எடுக்கவேண்டும்; இல்லையேல் அரங்கம் போடவேண்டும்.

சிக்கல் காதில் இருக்கிறது. இரைச்சலில் பேசுபவர் தம்மையறியாமலே குரலை உயர்த்துகிறார். சுருதி ஏறுகிறது, உயிரொலிகள் நீள்கின்றன. பிரெஞ்சுக் காது மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-இல் இதை விளக்கினார். ஒலியியலில் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அமைதியான அரங்கில் பேசிய வசனத்தின்மேல் பின்னர் ரயிலோசையைப் பூசினால், ஓசை ஓரிடத்திலும் பேச்சு வேறோரிடத்திலுமாக நிற்கும். பார்வையாளருக்குக் காரணம் தெரியாது. ஏதோ பொய் என்பது மட்டும் தெரியும். நடிகரின் காதுக்குள் சிறு ஒலிப்பானை வைத்து ரயிலிரைச்சலை ஓடவிட்டால் போதும்: பதிவும் மாசுபடாது, குரலும் தானே உயரும். ஒரு தூணுக்கு ஆகும் செலவுகூட ஆகாது.

அறிவிப்புகளை நீக்குவது இன்னும் பெரிய பிழை. தில்லி மெட்ரோவின் இந்திக் குரல் ஷம்மி நாரங்குடையது. ஆங்கிலக் குரல் ரினி சைமன் கன்னாவுடையது. இருவரும் தூர்தர்ஷனில் செய்தி வாசித்தவர்கள். இந்தி அறியாமல் தமிழ்நாட்டிலிருந்து வந்த எனக்கு இடப்புறம், வலப்புறம் என்பவற்றுக்கான இந்திச் சொற்களைக் கற்பித்தது, கதவு திறக்கும் பக்கத்தைச் சொல்லும் அந்தக் குரல்தான். வகுப்பறை பிறகு வந்தது. இந்த நகரத்துக்குப் பிழைக்க வந்த எத்தனையோ பேருக்கு அது முதல் ஆசிரியர். அதை 'இடையூறு' என்று ஒலிக்கலவைக்காரர் துடைத்துவிடுகிறார்.

லண்டனின் எம்பாங்க்மென்ட் நிலையத்தில், இடைவெளியைக் கவனிக்கச் சொல்லும் ஆஸ்வால்ட் லாரன்ஸின் பழைய பதிவு நீக்கப்பட்டபோது, அவரை இழந்த மனைவி முறையிட்டார். 2013-இல் அக்குரலை மீண்டும் ஒலிக்கச் செய்தார்கள். ஒரு நிலையமே அப்படி இறங்கிவந்தது.

நான் கேட்பது அதைவிடச் சிறியது. அந்தக் காதலி ஏதோ முக்கியமானதைச் சொல்லத் தொடங்கட்டும், அறிவிப்பு குறுக்கிடட்டும், அவள் நிறுத்தி, கதவு மூடியபின் சற்று உரக்க மீண்டும் சொல்லட்டும்.