புல்லுக்கும் ஓய்வு கொடுங்கள்!

காங்கயம் பக்கத்தில் "கொரங்காடு" என்ற மேய்ச்சல் நிலம் உண்டு. சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல்.

மாடு மேய்ந்ததும் புல் தளிர்க்கிறது. பச்சையைக் கண்டதும் சிலர் மறுபடியும் மாட்டை விடுகிறார்கள். இது சரி அல்ல!

அந்தத் தளிர், தூரிலும் வேரிலும் இருந்த சேமிப்பைச் செலவழித்து வந்தது. அப்போது வேர் மண்ணில் இருந்து தழைச்சத்தை எடுப்பது குறைந்துவிடும். (எரு போட்டாலும் உடனே முழுப்பலன் இராது.) புது இலை வெயிலில் உணவு தயாரித்த பிறகுதான் வேருக்குப் பலம் வரும். அதற்குள் தளிரையும் கடித்துவிட்டால்?

இலையில் பாதிக்கு மேல் போனால், பெரும்பாலான புற்களில் வேர் வளர்வதே சில நாள் நின்றுவிடுகிறது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் கிரைடர் 1955-ல் இதை வெளியிட்டார். வேர் குட்டையானால், கோடையில் புல் தண்ணீருக்கு எங்கே போகும்?

நிலத்தை இரண்டு மூன்றாகத் தடுங்கள். மேய்ந்த பக்கத்தின் படலைச் சாத்துங்கள். இலை நன்றாக விரிந்த பிறகு திறக்கலாம்.